நாலு ஆப்புக்கும் ஒரே லாகின், ஒரே ஹெடர்: எதை எங்கே வைப்பது?

கேள்வி (ஆத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது)

அண்ணா, எங்கள் சேகோ ஆலைக்கு மூன்று வெப் அப்ளிகேஷன் இருக்குதுங்க. கிழங்கு வரத்துக்கு ஒன்று, ஜவ்வரிசி விற்பனைக்கு ஒன்று, ஆள் கணக்குக்கு ஒன்று. லாகின், பாஸ்வேர்ட் மாற்றும் பக்கம், உதவி, தனியுரிமைக் கொள்கை, பிழைப் பக்கம், மேலே வரும் ஹெடர் எல்லாம் மூன்றிலும் ஒரே மாதிரிதான். இப்போது மூன்றிலும் தனித்தனிக் காப்பி. பொதுவாக ஒரு ஃபோல்டரில் போட்டு, மூன்று ஆப்பும் அங்கிருந்து எடுத்துக்கொண்டால் போதும்தானேங்க?

2025 ஜூன் 12, இரவு 10.15

பாதிக்குப் போதும் தம்பி, மீதிப் பாதி உன் தூக்கத்தைக் கெடுக்கும். எது எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷம் ஆனது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் குடும்பத்துக்கு 2012-லிருந்து வேலை செய்கிறேன். காட்டேஜ் புக்கிங், காபி மிளகு விற்பனை, ஆள் கூலி, கணக்கு என்று நாலு ஆப். முதல் இரண்டும் மைக்ரோசாஃப்டின் பழைய ஏஎஸ்பி டாட் நெட். கணக்கு ஆப் வேறு ஒருவர் பிஹெச்பியில் எழுதிவிட்டுப் போனது. கூலி ஆப் மட்டும் நான் பிற்பாடு அதன் புதிய வடிவமான டாட் நெட் கோரில் எழுதியது. ஆரம்பத்தில் நானும் காப்பிதான் அடித்துவைத்தேன். ஒரு தடவை எஸ்டேட் ஆபீஸ் லேண்ட்லைன் நம்பர் மாறியது. நாலு ஆப்பின் ஃபுட்டரிலும் மாற்றினேன். காட்டேஜ் ஆப்பில் புக்கிங் முடிந்ததும் வரும் நன்றிப் பக்கத்துக்குத் தனி ஃபுட்டர் இருந்தது, அது நினைவுக்கு வரவில்லை. மே மாதம், கோடை விழா நேரம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து நின்ற குடும்பங்கள், காட்டேஜுக்கு வழி கேட்க அந்தப் பழைய நம்பருக்கே அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மூன்று குடும்பம், ஒன்றில் கைக்குழந்தை. முதலாளியம்மா என்னைத் திட்டவில்லை. "அந்தப் பிள்ளை மழையில நின்னுச்சு தம்பி" என்று மட்டும் சொன்னார். பொதுவான பக்கம் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு அன்றைக்கு வந்ததுதான்.

2025 ஜூன் 12, இரவு 11.40

இப்போது உன் ஃபோல்டருக்கு வருகிறேன். பழைய ஏஎஸ்பி டாட் நெட் என்றால், ஐஐஎஸ்ஸில் (விண்டோஸின் வெப் சர்வர்) ஒரே ஃபோல்டரை எல்லாச் சைட்டுக்கும் கீழே வர்ச்சுவல் டைரக்டரியாக மாட்டலாம், அதாவது வேறு இடத்து ஃபோல்டர் அந்தச் சைட்டுக்குள் இருப்பது மாதிரித் தெரியும். படம், சிஎஸ்எஸ், வெறும் ஹெச்டிஎம்எல் பக்கம், இதற்கெல்லாம் இது நன்றாகவே ஓடும், பயப்படாமல் செய். இன்னும் ஒரு படி மேலே போய் எல்லா ஆப்பும் சிஎஸ்எஸ்ஸையும் தமிழ் எழுத்துருவையும் ஒரே முகவரியிலிருந்து எடுத்தால், பிரவுசர் ஒரு தடவை இறக்கியதையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்திக்கொள்ளும்.

சிக்கல் எங்கே என்றால், பின்னால் கோட் இருக்கும் பக்கத்தில். பக்கத்தின் ஃபைல் பொது ஃபோல்டரில் கிடந்தாலும், அது ஓடுவது எந்த ஆப்புக்குக் கீழே மாட்டியிருக்கிறாயோ அந்த ஆப்புக்குள். அதன் டிஎல்எல் (கட்டி முடித்த கோட் ஃபைல்) அந்த ஆப்பின் bin ஃபோல்டரில் இருந்தாக வேண்டும். அப்படியென்றால் மூன்று ஆப்புக்கு மூன்று டிஎல்எல் காப்பி, நீ எதை விட்டுத் தப்பிக்க நினைத்தாயோ அதே இடத்தில் வந்து நிற்பாய். மாஸ்டர் பேஜை (எல்லாப் பக்கத்துக்கும் பொதுச் சட்டமாக நிற்பது) வேறு ஆப்பிலிருந்து எடுக்கலாமா என்று பார்த்தால் அதுவும் முடியாது, ஆப்பின் வேர் ஃபோல்டரைத் தாண்டி மேலே போகக்கூடாது என்று நேராகவே பிழை காட்டும்.

இதில் இன்னொரு சறுக்கல். அதே இடத்தில் ரைட் கிளிக் செய்து 'அப்ளிகேஷனாக மாற்று' என்று கொடுத்துவிட்டால் அது தனி ஆப் ஆகிவிடும். செஷன், அதாவது உள்ளே வந்தவரைப் பற்றி ஆப் வைத்திருக்கும் நினைவு, தனி. பார்க்க ஒரே சைட் மாதிரித் தெரியும், ஆனால் இந்தப் பக்கம் லாகின் ஆனவரை அந்தப் பக்கத்தின் செஷனுக்குத் தெரியாது. மேல் ஆப்பின் வெப் கான்ஃபிக் அமைப்புகள் மட்டும் கீழே இறங்கி வந்து, இதன் bin ஃபோல்டரில் இல்லாத மாட்யூலைத் தேடி விழுந்துவிடும். கீழே இருக்கும் ஆப்புக்கு இவை போகவேண்டாம் என்று மேல் கான்ஃபிக்கில் லொகேஷன் உறை போட்டு நிறுத்தலாம். நான் அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விட்டது.

2025 ஜூன் 13, காலை 7.20

பிஹெச்பி ஆப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உனக்கு அது இல்லாவிட்டாலும் படிக்கிற வேறு யாருக்காவது ஆகும். அங்கே பொதுவான ஹெடரைச் சேர்ப்பது இன்க்ளூட் ஒரு வரிதான். சேர்த்தேன். என் கணினியில் எல்லாம் சரி. சர்வரில் போட்டதும் பக்கத்தின் உச்சியில் விரற்கடை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை, லாகினும் நிற்கவில்லை.

கோட் முழுக்க ஒவ்வொரு வரியாகப் படித்தும் ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் ஃபைலை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தால், முதல் எழுத்துக்கும் முன்னால் மூன்று பைட். யூடிஎஃப்-8 அடையாளக் குறி. ஹெடரில் தமிழ் இருந்ததால் நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேமித்திருந்தேன், அந்தக் காலத்து நோட்பேட் கேட்காமலே அந்த மூன்று பைட்டையும் வைத்துவிடும். பிஹெச்பி அதை வெளியீடு என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டது, அதற்குப் பிறகு செஷன் குக்கியை (உள்ளே வந்தவர் யார் என்று பிரவுசரில் வைக்கும் சின்னக் குறிப்பு) அனுப்ப வழியில்லை. என் கணினியில் வெளியீட்டைத் தேக்கிவைத்து அனுப்பும் அவுட்புட் பஃபரிங் போட்டிருந்ததால் தெரியாமல் போனது. விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் அந்தக் குறி இல்லாமல்தான் சேமிக்கிறது. ஆனாலும் பழைய ஃபைலை எடுத்துப் பொதுவாக்கும்போது ஒரு தடவை பார்த்துவிடு. ஒரு ஆப்பில் இருக்கும் வரை ஒரு ஆப்பைத்தான் கெடுக்கும், பொதுவாக்கிவிட்டால் எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுக்கும்.

2025 ஜூன் 15, மாலை 6.05

லாகின். இதுதான் நீ முதலில் கேட்டது, நான் சுற்றி வளைத்து இப்போதுதான் வருகிறேன்.

லாகின் பக்கத்தைப் பகிர்வதும் லாகினைப் பகிர்வதும் வேறு வேறு வேலை. பக்கம் ஒரே மாதிரி இருந்தால் மட்டும் ஒன்றில் நுழைந்தவர் மற்றதில் நுழைந்தவர் ஆகமாட்டார். உன் மூன்று ஆப்பும் ஒரே டொமைனின் சப்டொமைன் என்றால் குக்கியை மேல் டொமைனுக்கு எழுதலாம், மூன்றுக்கும் போகும். ஆனால் குக்கி போய்ச் சேர்ந்தால் போதாது, திறந்து படிக்கவும் வேண்டும். பழைய ஏஎஸ்பி டாட் நெட்டில் இரண்டு ஆப்பின் மெஷின்கீயும் (குக்கியைப் பூட்டித் திறக்கும் சாவி) ஒன்றாக இருக்க வேண்டும், குக்கியின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். டாட் நெட் கோரில் அதே வேலை செய்யும் டேட்டா புரொடெக்ஷன் சாவிகளைப் பொதுவான இடத்தில் வைத்து, அப்ளிகேஷன் பெயரையும் ஒன்றாகவே கொடுக்க வேண்டும். பெயரை விட்டுவிட்டால் சாவி ஒன்றாக இருந்தாலும் திறக்காது.

எனக்கு நடந்தது இதைவிட நுணுக்கம். காட்டேஜ் ஆப்பும் விற்பனை ஆப்பும் அப்போது ஒரே டொமைனுக்குக் கீழே இருந்தன, ஒரே மெஷின்கீதான், ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் ஒன்றில் நுழைந்தவரை மற்றது மறுபடி லாகின் கேட்டது. விஷயம் என்னவென்றால், ஒன்றை டாட் நெட் 4.5-க்கு மாற்றியிருந்தேன், மற்றது 4.0-விலேயே இருந்தது. ரன்டைம் இலக்கு 4.5 என்று போட்டதும் குக்கியைப் பூட்டும் முறையே மாறிவிடுகிறது. பழைய முறையிலேயே பூட்டு என்று புதிய ஆப்பின் மெஷின்கீயில் கம்பேட்டிபிலிட்டி மோடைக் குறித்தேன், உடனே திறந்துகொண்டது.

இவ்வளவும் செய்தபிறகும் பிஹெச்பி ஆப் வெளியேதான் நின்றது, அதற்கு டாட் நெட் குக்கியைப் படிக்கத் தெரியாது. இதனால்தான் கடைசியில் லாகினுக்கென்று தனி ஆப் வைத்தேன். பாஸ்வேர்ட் கேட்பதும், மாற்றுவதும், மறந்தால் திருப்பித் தருவதும் அது ஒன்றுதான். மற்ற நாலும் ஆளை அங்கே அனுப்பிவிட்டு, அவர் யார் என்று மட்டும் வாங்கிக்கொள்ளும். ஓப்பன்ஐடி கனெக்ட் என்று 2014-லேயே இதற்கு முறை வந்துவிட்டது, எல்லா மொழியிலும் லைப்ரரி இருக்கிறது. நீயே எழுத உட்காராதே, கீக்ளோக் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் லாகின் சர்வரை எடுத்து வை. திரும்பிப் போகும் முகவரியை மட்டும் முன்பே பதிந்துவைத்த பட்டியலோடு ஒத்துப் பார், வருகிற முகவரிக்கெல்லாம் திருப்பி அனுப்பினால் உன் லாகின் பக்கத்தைத் தூண்டிலாக வைத்து யாராவது மீன் பிடிப்பார்கள்.

2025 ஜூன் 15, மாலை 6.50

ஐஃப்ரேமில் (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் சட்டம்) லாகின் பக்கத்தைச் செருகிவிடலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாங்க. டொமைன் வேறாக இருந்தால் அந்தக் குக்கி மூன்றாம் ஆள் குக்கி ஆகிவிடும். குரோம் 80 வந்த 2020 பிப்ரவரியிலிருந்து, குறிப்பாக அனுமதி எழுதாத குக்கியை ஐஃப்ரேமுக்குள் அனுப்புவதில்லை. எனக்கு ஒரு காலையில் திடீரென்று நின்றுபோனது, முந்தின நாள் வரை ஓடியது. இன்னொன்று, பாஸ்வேர்ட் கேட்கும் பக்கத்தை யாரும் தன் சைட்டுக்குள் செருக முடியாதபடி நாமே தடுத்து வைக்க வேண்டும். அந்தத் தடையை எடுத்துவிட்டு ஐஃப்ரேம் போடக்கூடாது.

2025 ஜூன் 21, இரவு 9.30

இந்த வாரம் முழுக்க மேலே மழை. குப்பனூர் வழியாக இறங்கும்போது இதை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். தம்பி "எல்லாமே ஒரு சர்வரிலிருந்து வந்தால் நல்லதுதானேண்ணா" என்று மறுபடி கேட்டிருக்கிறாய், அதனால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நன்றிப் பக்கத்து நம்பர் விஷயத்துக்குப் பிறகு எனக்கு ஒரே இடம், ஒரே இடம் என்று வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. ஹெடரையும் ஃபுட்டரையும் டவுனில் இருக்கும் சர்வரில் வைத்தேன். ஒவ்வொரு ஆப்பும் பக்கத்தைக் காட்டும்போது அந்தச் சர்வரிடம் ஹெடரைக் கேட்டு வாங்கி ஒட்டிக்கொள்ளும். மாற்றினால் அந்த நொடியே நாலிலும் மாறும். எனக்கு ரொம்பப் பெருமை. கூலி ஆப் மட்டும் மலைமேல் எஸ்டேட் ஆபீஸ் கணினியிலேயே ஓடியது, நெட் போனாலும் கூலி நிற்கக்கூடாது என்று நானே யோசித்து அங்கே வைத்தது. அதற்கும் இதே ஹெடர்தான்.

ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை. காபிப் பழம் எடுக்கும் பருவம் தொடங்கிவிட்டதால் ஆட்கள் அதிகம். மத்தியானம் காற்றில் ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து கேபிளோடு போய்விட்டது. நாலரை மணிக்கு எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் அண்ணன் கூலிப் பக்கத்தைத் திறக்கிறார், வரவில்லை. திரை வெள்ளையாகவே நிற்கிறது. அப்புறம் வந்தது. முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைத் திறந்தால் மறுபடி வெள்ளை. ஜன்னலுக்கு வெளியே அறுபது பேருக்கு மேல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தூறலில் நிற்கிறார்கள். கூலி கையில் வந்தால்தான் கடைக்குப் போய்ச் சாமான் வாங்க முடியும், கீழ் ஊருக்குப் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் வேறு. அண்ணன் எனக்குப் போன் செய்தபோது சிக்னல் விட்டு விட்டு வந்தது. எவ்வளவு நேரம் வெள்ளையாக நிற்கிறது என்று கடிகாரம் பார்த்துச் சொல்லச் சொன்னேன். "ஒண்ணே முக்கால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மிங்க" என்றார். இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன், அதேதான்.

நூறு நொடி. டாட் நெட்டில் வேறு சர்வரிடம் எதையாவது கேட்டுவிட்டுப் பதில் வராவிட்டால், நாம் வேறு எதுவும் சொல்லாதவரை நூறு நொடி காத்திருக்கும். கூலிக் கணக்கு முழுக்க அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கிறது, கொடுக்க வேண்டிய பணம் மேஜை டிராயரில் இருக்கிறது, ஆப் மட்டும் எஸ்டேட் பெயர் எழுதிய ஒரு பச்சைப் பட்டைக்காக ஒவ்வொரு ஆளுக்கும் நூறு நொடி டவுனைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. அறுபது பேருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்.

அண்ணன் ஆப்பை மூடிவிட்டுப் பழைய செக்ரோல் நோட்டை (ஆள் வருகையும் கூலியும் எழுதுவது) எடுத்து, செல்போன் வெளிச்சத்தில் எழுதிக் கொடுத்து முடித்தார். பஸ்ஸைத் தவறவிட்ட நாலு பெண்களை எஸ்டேட் ஜீப்பில் அனுப்பினார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2025 ஜூன் 21, இரவு 10.10

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, அந்தத் தவறு எங்கே என்று. ஹெடர் ஒரே இடத்தில் இருந்தது தவறில்லை. ஆப்பைக் கட்டும்போது உள்ளே போக வேண்டிய பொருளை, ஓடும்போது வெளியிலிருந்து கேட்டு வாங்கவைத்தேன், அதுதான் தவறு. இரண்டுக்கும் மூலம் ஒன்றாகவே இருக்கலாம். கட்டும்போது எடுத்தால், பிறகு அந்த மூலம் இருக்கும் சர்வர் விழுந்தாலும் ஆப் நிற்கும்.

இப்போது ஹெடர், ஃபுட்டர், சிஎஸ்எஸ், பிழைப் பக்கம் எல்லாம் ஒரு ரேசர் கிளாஸ் லைப்ரரியில், அதாவது பல ஆப்பும் சேர்த்துக்கொள்ளக்கூடிய பக்கத் தொகுப்பில், இருக்கிறது. டாட் நெட் கோர் 2.1-இல், 2018-இல் வந்த வசதி. பக்கங்களையே டிஎல்எல்லுக்குள் கட்டி, பேக்கேஜாகப் பதிப்பு எண் போட்டு வைக்கலாம். ஏதாவது ஒரு ஆப்புக்கு மட்டும் பக்கம் வேறு மாதிரி வேண்டுமென்றால் அதே பாதையில் அதே பெயரில் அந்த ஆப்புக்குள் ஒரு பக்கம் வைத்தால் போதும், அது முந்திக்கொள்ளும். உன் மூன்றும் கோர் என்றால் உனக்கு இதுதான் சரி. பழைய ஆப்பில் இது ஓடாது, அதற்கு என் காட்டேஜ், விற்பனை ஆப் இரண்டையுமே மாற்றி எழுத வேண்டியிருந்தது.

2025 ஜூன் 24, மதியம் 1.15

ஒரு திருத்தம். 12-ஆம் தேதி, ஒரே முகவரியிலிருந்து சிஎஸ்எஸ்ஸும் எழுத்துருவும் எடுத்தால் பிரவுசர் ஒரு தடவைதான் இறக்கும் என்று எழுதியிருந்தேன். அது பழைய கதை. குரோம் 86-லிருந்து, அதாவது 2020 கடைசியிலிருந்து, ஒரு சைட்டுக்காக இறக்கிவைத்ததை வேறு சைட்டுக்குக் கொடுப்பதில்லை, தனித்தனியாகவே வைக்கிறது. ஒரே டொமைனின் சப்டொமைன்கள் ஒரே சைட்டாகத்தான் கணக்கு, அதனால் தம்பிக்கு அந்த லாபம் உண்டு. எங்கள் காட்டேஜுக்கும் விற்பனைக்கும் இப்போது டொமைனே வேறு, எங்களுக்கு இல்லை. சுட்டிக்காட்டிய கன்னங்குறிச்சிக்காரருக்கு நன்றி.

2025 ஜூலை 2, இரவு 8.45

"அப்படியென்றால் எல்லாவற்றையும் பேக்கேஜ் ஆக்கிவிடலாமா" என்று கேட்டிருக்கிறாய். அதுவும் கூடாது, இதில் எனக்கே இரண்டு மனது. பேக்கேஜில் எழுத்து ஒன்று மாறினால் புது எண் போட்டு, ஒவ்வொரு ஆப்பையும் திரும்பக் கட்டி ஏற்ற வேண்டும். நாலில் மூன்றை ஏற்றிவிட்டு ஒன்றை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், காப்பி அடித்த காலத்துக்கே திரும்பிப் போனதுதான். ஹெடருக்குப் பரவாயில்லை, வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும். உதவிப் பக்கம் வாரத்துக்கு ஒரு வரி மாறுகிறது.

உதவியையும் தனியுரிமைக் கொள்கையையும் அதனால் வேறு விதமாக வைத்திருக்கிறேன். அவை ஒரு சின்ன ஆப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு டொமைனிலும் உதவி என்ற பாதைக்கு வருகிற கோரிக்கையை மட்டும் முன்னால் நிற்கும் எஞ்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அந்தச் சின்ன ஆப்புக்குத் திருப்பிவிடும். பார்க்கிறவருக்கு முகவரிப் பட்டையில் அதே சைட்தான். எந்த டொமைனிலிருந்து வந்தார் என்பதை ஹோஸ்ட் ஹெடரில் (பக்கத்தின் ஹெடர் இல்லை, கோரிக்கையோடு போகும் குறிப்பு) கூடவே அனுப்பிவிட்டால் அந்த ஆப்புக்கு எந்தப் பெயர், எந்தப் படம் என்று தெரிந்துவிடும். அது விழுந்தால் உதவி மட்டும் போகும், கூலி நிற்காது. ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் இப்போது கேட்கும் கேள்வி இந்த ஒன்றுதான்: இது இருக்கும் சர்வர் சனிக்கிழமை நாலரை மணிக்கு விழுந்தால் ஜன்னலுக்கு வெளியே யாராவது காத்து நிற்க வேண்டி வருமா? வரும் என்றால் அது ஆப்புக்குள்ளேயே இருக்க வேண்டும்.

பிழைப் பக்கம் முக்கியமாக. அதைப் போய் வெளியிலிருந்து வாங்காதே. எல்லாம் உடைந்திருக்கும்போது வரவேண்டிய பக்கம் அது ஒன்றுதான்.

லாகின் இந்தக் கேள்விக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது, அது ஒரே இடத்திலும் இருக்க வேண்டும், நிற்கவும் கூடாது. கூலி ஆப்புக்கு மட்டும் ரைட்டர் அண்ணனுக்கென்று உள்ளூர் லாகின் ஒன்று தனியாக வைத்திருக்கிறேன், நெட் இல்லாதபோது மட்டும் திறக்கும். அழகான வழி இல்லைதான். இரண்டு பாஸ்வேர்டை நினைவு வைத்துக்கொள்ள வேண்டும் என்று அண்ணனுக்கும் வருத்தம். ஆனாலும் அதை எடுக்கமாட்டேன்.

2025 ஜூலை 3, காலை 6.40

தனியுரிமைக் கொள்கை பற்றி இன்னும் ஒரு வார்த்தை. மூன்றிலும் ஒரே மாதிரி என்று சொன்னாயே, நிஜமாக ஒரே மாதிரியா என்று எழுத்தைப் படித்துப் பார். காட்டேஜ் ஆப் விருந்தினரின் அடையாள அட்டை நகலை வாங்குகிறது. கூலி ஆப்பில் ஆட்களின் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே கொள்கைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன், அதில் இரண்டைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்தத் தரவை எதற்காக வாங்குகிறோம் என்று அறிவிப்பில் சொல்ல வேண்டும். அதை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணை மொழி ஒன்றிலோ படிக்கும் வசதியும் தர வேண்டும். உனக்குக் கிழங்கு கொண்டுவரும் விவசாயிதான் முக்கியம், அவருக்குத் தமிழில் இருக்கட்டும். சட்டகம் பொது, உள்ளே இருக்கும் பத்தி ஆப்புக்கு ஆப் வேறு.

உதவிப் பக்கமும் அப்படித்தான். விவசாயி தேடுவது பாயிண்ட் (கிழங்கின் மாவுச்சத்து அளவு) எப்படிப் போட்டார்கள், பில் எப்போது வரும் என்பது. ஜவ்வரிசி வாங்கும் வியாபாரிக்கு அதில் ஒன்றும் வேலையில்லை. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கிறது என்று இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் இரண்டு பேருமே நடுவில் தேட வேண்டியதாகும்.

2025 ஜூலை 26, இரவு 10.30

தம்பி லாகினை ஒன்றாக்கிவிட்டதாகவும், எடைமேடையில் புதிதாக ஒரு பிரச்சினை என்றும் எழுதியிருக்கிறாய். நல்லவேளை சீக்கிரம் தெரிந்தது, இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் எஸ்டேட்டில் கணினிக்கு ஒரு ஆள், அதனால் எனக்கு இது வரவே இல்லை.

உன் எடைமேடைக் கணினியில் காலை ஷிஃப்ட், ராத்திரி ஷிஃப்ட் என்று மூன்று பேர் மாறி மாறி உட்காருகிறார்கள். காலை ஆள் கிழங்கு வரத்து ஆப்பில் லாகவுட் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஆனால் லாகின் ஆப்பில் அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். ராத்திரி ஆள் வந்து திறந்தால் பாஸ்வேர்ட் கேட்காமலே காலை ஆளின் பெயரில் போகிறது. இரண்டு லோடு அவர் பெயரில் பதிவாகி, பாயிண்டில் தகராறு வந்தபோது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அந்த அண்ணனிடம் நீ நேரில் போய் நடந்ததைச் சொல்லிவிடு, ஆலையில் அவர் பெயர் கெடக்கூடாது.

சரிசெய்யும் வழி: ஆப்பின் லாகவுட் பொத்தான் தன் குக்கியை அழிப்பதோடு நிற்காமல் ஆளை லாகின் ஆப்பின் லாகவுட் முகவரிக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து மற்ற ஆப்புகளுக்கும் இவர் போய்விட்டார் என்று சர்வரிலிருந்து சர்வருக்குச் செய்தி போக வேண்டும். பேக்சேனல் லாகவுட் என்று பெயர், கீக்ளோக்கில் இருக்கிறது. அதோடு அந்தக் கணினிக்கு மட்டும் பத்து நிமிஷம் யாரும் தொடாவிட்டால் வெளியே தள்ளும்படி வை. திரையின் மேல் மூலையில் உள்ளே இருப்பவர் பெயரைப் பெரிய எழுத்தில் தமிழில் போடு. ஹெடர்தான் பொதுவாக்கிவிட்டாயே, ஒரு இடத்தில் போட்டால் மூன்றிலும் வரும். எடைமேடையில் உட்காருகிறவர் பெயரைத்தான் முதலில் பார்ப்பார்.

2025 ஆகஸ்ட் 9, காலை 5.50

கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் முழுக்கக் கூட்டம், ஒரு வாரமாக எதையும் பார்க்கவில்லை. இரண்டு பேர் இதே கேள்வியோடு தனியாக எழுதியிருக்கிறீர்கள், மேலே இருப்பதைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பொதுவான பேக்கேஜுக்கு ஒரு ஆள் பொறுப்பு வேண்டும், பெயரோடு. எங்களிடம் இரண்டு வருஷம் அப்படி யாரும் இல்லை. கணக்கு ஆப்பைப் பார்ப்பவர் தனக்கு வேண்டும் என்று ஹெடரில் ஒரு பொத்தான் சேர்த்தார், அது காட்டேஜ் விருந்தினருக்கும் தெரிந்தது. இப்போது எந்த ஆப் எந்த எண்ணில் இருக்கிறது என்று ஒரு தாள் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். காட்டேஜ், விற்பனை, கூலி மூன்றும் அதில் இருக்கிறது. கணக்கு ஆப்புக்கு அதே ஹெடரைக் கட்டும்போதே வெறும் ஹெச்டிஎம்எல்லாக எடுத்துக் கொடுக்கிறேன், அதுவும் அதே எண்ணில் தாளில் இருக்கிறது. பேக்கேஜைத் தொட வேண்டுமென்றால் என்னிடம் சொல்லிவிட்டுத்தான்.

அந்தத் தாளில் கூலி ஆப் இன்னும் முந்தின எண்ணில் நிற்கிறது. அதை இங்கிருந்தே ஏற்றலாம், ஆனால் ரைட்டர் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, கேபிளைக் கழற்றிவிட்டு அவரே ஒரு ஆளின் பக்கத்தைத் திறந்து பார்க்காமல் நான் அதை முடிந்ததாக எழுதுவதில்லை. ஏழு மணி பஸ்ஸில் மேலே போகிறேன்.